நடுவானில் ஓர் எஞ்சின் நின்றால் விமானிகள் என்ன செய்கிறார்கள்?

மதுரையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அது இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி, சாயல்குடி வட்டாரத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கும். நிலத்தின் மேல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அதன் பிறகு 270 கிலோமீட்டர் கடல். உண்மையான விமானத் தடம் இந்தக் கோட்டிலிருந்து சற்று விலகி வளையலாம். நமக்கு இந்தக் கோடு போதும். அந்தக் கடலின் நடுவில் விமானத்தின் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டால் விமானி அறையில் என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது, ஏன் அந்த வரிசை என்பதை விமானவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

“நடுவானில் எஞ்சின் பழுது, பயணிகள் உயிர் தப்பினர்” என்று நாளிதழ்கள் எழுதும்போது, விமானம் விழவிருந்தது போலவும் விமானி எப்படியோ அதைப் பிடித்து நிறுத்தியது போலவும் ஒரு தோற்றம் உண்டாகிறது. பெரும்பாலான சம்பவங்களில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஓர் எஞ்சின் நின்றுபோவது ஆபத்தின் தொடக்கமாகலாம், ஆனால் அதுவே ஆபத்து அன்று. நின்றது எந்த எஞ்சின் என்று உறுதி செய்யாமல் அவசரப்பட்டுக் கை வைப்பதுதான் ஆபத்து. விமானிகளின் பயிற்சியில் பெரும்பகுதி அந்த அவசரத்தை அடக்குவதற்காகவே அமைந்திருக்கிறது.

விமானத்தைக் காற்றில் தாங்குவது எஞ்சின் அன்று, இறக்கை. இறக்கையின் மேலும் கீழும் காற்று போதிய வேகத்தில் ஓடும்வரை விமானம் மிதக்கும். அந்த வேகத்தைத் தருவதும், உயரத்தை இழக்காமல் காப்பதும் எஞ்சினின் பணி. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தின் ஒவ்வோர் எஞ்சினும் ஏறத்தாழ 12 டன் எடைக்கு இணையான உந்துவிசையைத் தரும். முன்பக்கம் தெரியும் விசிறி ஓர் ஆள் உயரம் விட்டம் கொண்டது. உந்துவிசையில் ஐந்தில் நான்கு பங்கு வரை அந்த விசிறியே பின்னோக்கித் தள்ளும் காற்றிலிருந்து வருகிறது. எஞ்சியது உள்ளே நடப்பது: காற்று படிப்படியாக அழுத்தப்பட்டு, எரிபொருளோடு கலந்து எரிந்து, சூடான வாயுவாகப் பின்னால் பாயும்போது டர்பைன் எனும் சுழலியைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன்தான் முன்னால் உள்ள விசிறியையும், காற்றை அழுத்தும் பகுதியான அழுத்தியையும் சுழற்றுகிறது. எனவே ஓரிடத்தில் தடுமாற்றம் ஏற்பட்டால் சங்கிலி முழுவதும் தடுமாறும்.

“எஞ்சின் பழுது” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் பல வகைகள் உள்ளன. உள்ளே எரியும் சுடர் அணைந்துவிட்டால் எஞ்சின் ஓசையின்றி அடங்கிவிடும். பல நேரங்களில் அதை மீண்டும் இயக்க முடியும். அழுத்திக்குள் காற்றோட்டம் குலைந்தால் வெடிச் சத்தம் போல ‘டமார், டமார்’ என்று கேட்கும், பின்பக்கம் தீ நாக்கு நீளும். பார்ப்பவருக்கு உயிரே போய்விடும், ஆனால் உந்துவிசையைக் குறைத்தவுடன் அது பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் அழுத்தம் குறைவது சத்தமில்லாத பழுது. பயணிகளுக்குத் தெரியாமலேயே விமானிகள் அந்த எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். விசிறித் தகடு உடைந்தால் விமானமே நடுங்கும். எஞ்சினைச் சுற்றியுள்ள உறைக்குள் தீப்பிடிப்பது வேறு. இவற்றுள் எது நடந்தது என்பதைப் பொறுத்தே அடுத்துச் செய்ய வேண்டியது மாறும்.

இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் இதில் பறவைகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று மாவட்டத்தில் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட கண்மாய்களே பல. ஆனால் பறவைகள் எஞ்சினுக்குள் போகும் சம்பவங்கள் பெரும்பாலும் ஓடுபாதையை ஒட்டிய சில ஆயிரம் அடி உயரத்துக்குள்தான், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான், நடக்கின்றன. கமுதிக்கு மேலே போகும்போது விமானம் அந்த உயரத்தைத் தாண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடிமேகங்கள் வேறு வகைத் தொல்லை. கனமழைக்குள் நுழைய நேர்ந்தால் சுடர் அணையாமலிருக்கத் தீப்பொறி தொடர்ந்து எழும்படி எஞ்சின் அமைப்பே பார்த்துக்கொள்ளும், அல்லது விமானி அதை இயக்கிவைப்பார்.

இவை எத்தனை முறை நடக்கின்றன? கரையிலிருந்து வெகுதூரம் பறக்க அனுமதி பெறும் இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்த வகை எஞ்சின் பறக்கும்போது நிறுத்தப்படுவது 1,000 எஞ்சின் மணிநேரத்துக்கு 0.02 முறைக்கு மேல் போகக் கூடாது. அதாவது 50,000 மணிநேர ஓட்டத்துக்கு ஒரு முறை. இன்றைய எஞ்சின்கள் பலவும் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆகவே பணி ஓய்வு பெறும் வரை உண்மையான எஞ்சின் பழுதை ஒருமுறைகூடச் சந்திக்காத விமானிகள் ஏராளமானோர். சந்திக்காததால் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களைச் சிமுலேட்டர் எனும் போலி விமானி அறையில் உட்கார வைத்து, மிகவும் இக்கட்டான நொடியில் எஞ்சினை அணைத்துப் பார்க்கிறார்கள்.

அந்த இக்கட்டான நொடி நடுவானில் இல்லை, ஓடுபாதையில் இருக்கிறது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு, விமானத்தின் எடை, காற்று, வெப்பம், ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைப்பார்கள். அதற்கு வி1 என்று பெயர். ஏ320-இல் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்த வேகத்தை எட்டுவதற்குள் எஞ்சின் நின்றால் பிரேக் பிடித்து நிறுத்த ஓடுபாதை மிச்சமிருக்கும். எட்டிய பிறகு நின்றால் நிறுத்த முயல்வதே தவறு. மீதமுள்ள ஓர் எஞ்சினோடு எழும்பியே தீர வேண்டும். மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீட்டர்தான், கட்டுநாயக்கவில் 3,350 மீட்டர். நீளம் குறையக் குறைய இந்தக் கணக்கு இறுகும். தேவைப்பட்டால் ஏற்றும் எடையைக் குறைப்பார்கள். சான்றிதழ் பெற்ற இரட்டை எஞ்சின் விமானம் எதுவும் ஒற்றை எஞ்சினில் 100 மீட்டர் முன்னேறும்போது குறைந்தது 2.4 மீட்டர் ஏற வேண்டும் என்பது விதி. மதுரையைப் போலக் குன்றுகள் சூழ்ந்த ஊர்களில், ஓர் எஞ்சின் போனால் எந்தப் பக்கம் திரும்பி ஏற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, புறப்படும் முன் இரு விமானிகளும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள்.

எழும்பியதும் அவர்கள் செய்யும் காரியம் வியப்பானது: ஒன்றும் செய்யமாட்டார்கள். தரையிலிருந்து 400 அடி உயரம் எட்டும்வரை விமானத்தை நேராக வைத்து ஏற்றுவது, சக்கரங்களை உள்ளிழுப்பது, மணியோசையை நிறுத்துவது தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது பரவலான நடைமுறை. எந்த எஞ்சின் நின்றது என்று திரையிலேயே எழுதியிருந்தாலும் கை அங்கே போகாது. அந்தப் பத்துப் பதினைந்து நொடி பொறுமையைப் பழக்குவதுதான் சிமுலேட்டர் பயிற்றுநர்களுக்குப் பெரிய வேலை.

இனி நம் கடலுக்கு வருவோம். விமானம் சாயல்குடிக் கரையைத் தாண்டிச் சில நிமிடம் ஆகியிருக்கிறது. இடது எஞ்சின் நிற்கிறது. முதலில் தெரிவது மூக்கு இடப்பக்கம் திரும்புவது. வலது எஞ்சின் மட்டும் தள்ளுவதால் விமானம் செத்த எஞ்சின் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வால்பகுதியில் செங்குத்தாக நிற்கும் சுக்கானை வலது கால் பலகையை அழுத்தித் திருப்பினால் மூக்கு நேராகும். தானியங்கி இயக்கத்தில் இருந்தால் வேலையின் ஒரு பகுதியை அதுவே செய்யும், ஆனாலும் விமானியின் கால் அங்கே இருக்க வேண்டும். அதே சமயம் திரையில் எழுத்துகள் தோன்றும். ஏ320-இல் எஞ்சின் நின்றால் ஒற்றை மணியும் செம்மஞ்சள் எழுத்தும்தான்; தீப்பிடித்தால் மட்டுமே சிவப்பு விளக்கும் ஓயாத மணியும். விமானத்தை வடிவமைத்தவர்களே இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விமானி அறையில் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணிப்பவர். தலைமை விமானிதான் ஓட்டுபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அன்றைய பயணத்தில் துணை விமானி ஓட்டிக்கொண்டிருந்தால் அவரே தொடரலாம். அனுபவமிக்க தலைமை விமானிகள் பலர் இந்நிலையில் ஓட்டும் பொறுப்பைத் துணை விமானியிடம் விட்டுவிட்டு, யோசிக்கும் வேலையைத் தாம் எடுத்துக்கொள்வதும் உண்டு. பணி வரிசை மாறாது: முதலில் விமானத்தைப் பறக்க வை, அடுத்து அது போகும் திசையைப் பார், அதற்குப் பிறகுதான் பேச்சு. எஞ்சின் நின்ற அரை நிமிடத்துக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு சொல்லும் போகாமலிருக்கலாம். அதில் தவறில்லை, கட்டுப்பாட்டு அறை விமானத்தைத் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை.

விமானம் நிலைபெற்றதும் ஓட்டுபவர் சொல்வார், “திரையில் உள்ளதைச் செய்வோம்.” மற்றவர் முதலில் படித்துச் சொல்வது பழுதின் பெயரை. பிறகு இருவரும் சுழற்சி வேகம், வெளியேறும் வாயுவின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், அதிர்வு ஆகிய அளவீடுகளைப் பார்ப்பார்கள். இடது பக்கத்து எண்கள் அனைத்தும் விழுந்திருக்கின்றனவா, வலது பக்கம் சீராக இருக்கிறதா என்று. ஓட்டுபவர் இடது உந்துவிசை நெம்புகோலின் மேல் கை வைத்து, அசைக்காமல், “ஒன்றாம் எஞ்சின், உறுதி செய்” என்பார். மற்றவர் கையையும் திரையையும் நெம்புகோலையும் பார்த்து “உறுதி” என்ற பிறகே அது பின்னுக்கு இழுக்கப்படும். அடுத்து எரிபொருளை நிறுத்தும் சுவிட்ச். அதன் மேல் கண்காணிப்பவர் கை வைப்பார், ஓட்டுபவர் உறுதி சொல்வார். திரும்பப் பெற முடியாத ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு ஜோடிக் கண்கள் தேவை. கேட்பதற்குச் சடங்கு போலத் தோன்றும் இந்தப் பேச்சு பறிபோன உயிர்களின் மேல் எழுதப்பட்டது.

1989 ஜனவரி 8 அன்று, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் குலுங்கியது, உள்ளே புகை வாசம் வந்தது. விமானிகள் வலது எஞ்சினைச் சந்தேகித்து அதன் உந்துவிசையைக் குறைத்தார்கள். அதே நேரத்தில், உந்துவிசையைத் தானாகச் சீராக்கும் அமைப்பை விலக்கியதால் இடது எஞ்சினுக்குப் போன கூடுதல் எரிபொருளும் குறைந்து, குலுக்கல் தணிந்தது. தாம் செய்தது சரிதான் என்று அவர்கள் நம்புவதற்கு அந்தத் தற்செயல் போதுமானதாக இருந்தது. வலது எஞ்சினை முழுவதுமாக நிறுத்திவிட்டு, ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கப் போனார்கள். “வலது எஞ்சினில் பழுது” என்று அறிவிப்பும் செய்யப்பட்டது. இடது பக்கத்தில் தீப்பொறி பறந்ததைப் பயணிகளும் பணியாளர்களும் பார்த்திருந்தார்கள். விமானிக்குத் தெரியாததா என்று எவரும் வாய் திறக்கவில்லை. இறங்குவதற்காக உந்துவிசையைக் கூட்டியபோது பழுதான இடது எஞ்சின் கைவிட்டது. கெக்வொர்த் என்ற சிற்றூரை ஒட்டி, ஓடுபாதைக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். ஒற்றை எஞ்சினில் நிம்மதியாக இறங்கியிருக்கக்கூடிய விமானம் அது.

படித்துத் திருந்தியிருப்பார்கள் என்று நினைப்போம். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர் எனும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே, உந்துவிசை இழந்த எஞ்சினை விட்டுவிட்டு நன்றாக ஓடிய எஞ்சினை விமானி நிறுத்தினார். 43 பேர் உயிரிழந்தார்கள். கருவிகள் நவீனமானாலும் அவசரப்படும் கை பழைய கைதான்.

மாறான உதாரணம் 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380. எண்ணெய்க் குழாய் ஒன்றில் ஏற்பட்ட விரிசலால் எஞ்சினுக்குள் தீப்பற்றி, டர்பைன் வட்டு துண்டுகளாகச் சிதறி இறக்கையைத் துளைத்தது. நான்கில் ஓர் எஞ்சின் போனதோடு நிற்காமல், எரிபொருள், ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு), மின்சாரம் என்று திரையில் பழுதுச் செய்திகள் வரிசை கட்டின. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் அறையிலிருந்த மற்ற நால்வரும் உடனே திரும்பி இறங்க முனையவில்லை. கடலின் மேல் வட்டமிட்டபடி ஏறக்குறைய 50 நிமிடம் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, விமானத்தில் இன்னும் என்னென்ன வேலை செய்கிறது என்று கணக்கெடுத்த பிறகே இறங்கினார்கள். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

தீ மட்டும் இவ்வளவு நிதானத்துக்கு இடம் தராது. எஞ்சின் தீ எச்சரிக்கை வந்தால், உறுதி செய்துகொள்ளும் சடங்கு மாறாமலே, நெம்புகோலைப் பின்னிழுத்து, எரிபொருளை நிறுத்தி, தீ பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் பொத்தான் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள், ஹைட்ராலிக், காற்றுக் குழாய் அனைத்தையும் இறக்கையிலேயே துண்டித்துவிடும். ஏ320-இல் பத்து நொடி பொறுத்து முதல் அணைப்பான் குப்பியைத் திறப்பார்கள். விசிறி வேகம் குறைந்தால்தான் மருந்து காற்றோடு பறந்துபோகாமல் உள்ளே தங்கும். 30 நொடியில் எச்சரிக்கை அணையாவிட்டால் இரண்டாவது குப்பி. ஓர் எஞ்சினுக்கு அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, எங்கே போவது. 35,000 அடியில் பறக்கும் விமானம் ஒற்றை எஞ்சினில் அதே உயரத்தில் தங்க முடியாது. மெதுவாக இறங்கி, எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப, 20,000 முதல் 25,000 அடிக்குள் எங்கோ ஓரிடத்தில் நிலைகொள்ளும். இமயமலைக்கு மேலே இது பெரிய தலைவலி. தென்னிந்தியாவில் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அதாவது 9,000 அடிக்கும் குறைவு. இராமநாதபுரம் கரையிலோ மலையே இல்லை.

ஓர் எஞ்சின் நின்ற இரட்டை எஞ்சின் விமானம், நேரக் கணக்கில் மிக அருகிலுள்ள தகுந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. ‘அருகிலுள்ள’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் குழப்பம்தான். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ் பருந்து விமானதளம் இருக்கிறதே, அங்கே இறக்கிவிடக் கூடாதா என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். அது டோர்னியர் போன்ற சிறிய கண்காணிப்பு விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ஆளில்லா விமானங்கள் ஆகியவற்றுக்கான தளம். நிறை பயணிகளோடு வரும் ஜெட்டுக்குத் தேவையான நீள ஓடுபாதை, தீயணைப்பு, மருத்துவ ஏற்பாடு எல்லாம் வேறு அளவிலானவை. அதற்கும் மேல் ஒரு கணக்கு உண்டு. 30,000 அடியிலிருந்து முறையாக இறங்க ஒரு விமானத்துக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். காலடியில் ஒரு விமான நிலையம் இருந்தாலும், உயரத்தைக் கரைக்க வானத்தில் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். ஆகவே 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரை, உயரத்தில் பறக்கும் விமானத்துக்குத் தொலைவே அன்று. நம் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து மதுரையும் கட்டுநாயக்கவும் ஏறக்குறைய சம தூரம், தலா 175 கிலோமீட்டர். நீளமான ஓடுபாதை, வானிலை, காற்றின் திசை, தீயணைப்பு வசதி என்று பார்த்தால் முன்னே போவதே நல்லது என்று தலைமை விமானி தீர்மானிக்கக்கூடும். பயணிகளுக்கு எதுவும் நடக்காதது போலத் தோன்றும். விமானம் வழக்கம்போலக் கொழும்பில் இறங்கியிருக்கும், கூடவே தீயணைப்பு வண்டிகள் ஓடிவரும்.

இந்தத் தூரக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1953 முதல் அமெரிக்க விதிப்படி, இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகிப் போகக் கூடாது. 1985-இல் அது 120 நிமிடமாகத் தளர்த்தப்பட்டது, பிறகு 180; 2014-இல் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. நம் பகுதியில் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். மதுரை, திருச்சி, திருவனந்தபுரம், கட்டுநாயக்க என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பழைய ஒரு மணி நேரத்துக்குள் ஓடுபாதை உண்டு.

வழி தீர்மானமானதும் பேச்சு தொடங்கும். உயிராபத்து என்றால் “மேடே”, அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் “பான் பான்”. இரண்டையும் மூன்று முறை சொல்வார்கள். விமானத்தின் அடையாளக் குறியீட்டை 7700 என்று மாற்றினால் சுற்றியுள்ள ராடார் திரைகளில் அது தனித்துத் தெரியும். விமானத்தில் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு என்று கட்டுப்பாட்டு அறை கேட்கும். கையில் வேலை இருந்தால் “பொறுங்கள்” என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. அடுத்து, பணியாளர் குழுத் தலைவரை அழைத்து நான்கு விஷயங்களைச் சொல்வார்கள்: என்ன பழுது, என்ன செய்யப் போகிறோம், இன்னும் எத்தனை நிமிடம், சிறப்பாக ஏதேனும் செய்ய வேண்டுமா. அவர் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டுவார். கெக்வொர்த்துக்குப் பிறகு இந்த உரையாடல் இருவழியாயிற்று. எந்தப் பக்கம் தீப்பொறி பார்த்தேன் என்று பணியாளர் சொல்வது இப்போது கடமை. சன்னலோரம் இருக்கும் பயணியும் பார்த்ததைப் பணியாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.

பாம்பனில் விசைப்படகு ஓட்டும் டிரைவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அது சரிண்ணே, ரெண்டு எஞ்சினும் நின்னுபோச்சுன்னா? எங்களுக்காச்சும் நங்கூரம் போட்டு நிப்பாட்டலாம், அவுங்க எங்க நங்கூரம் போடுறது?” என்றார். எஞ்சின் நின்ற படகு நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, இழுபட்டாலும் மிதந்துகொண்டிருக்கும்; நேரம் அதன் பக்கம் இருக்கிறது. விமானத்துக்கு அந்த நேரம் உயரமாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் இல்லாத ஜெட் விமானம் ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு மேல் முன்னே சறுக்கும். ராமேஸ்வரத்துக்கு மேலே 35,000 அடியில், அதாவது 10 கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், இரண்டும் நின்றால் மதுரை கைக்கெட்டும் தூரத்தின் விளிம்பில் இருக்கும்; யாழ்ப்பாணத்தின் பலாலி 100 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே சென்னையிலிருந்து வந்து இறங்குபவை ஏ.டி.ஆர் வகைச் சிறிய விமானங்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2001 ஆகஸ்டு 24 அன்று எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சின்களும் நின்ற ஏர் டிரான்சாட் ஏ330, அட்லாண்டிக் கடலின் மேல் 19 நிமிடம் சறுக்கி, அசோர்ஸ் தீவுகளில் 306 பேரோடு இறங்கியது. 1982 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு எஞ்சின்களையும் இழந்தது. சாம்பலை விட்டுக் கீழே வந்ததும் எஞ்சின்கள் மீண்டும் இயங்க, ஜகார்த்தாவில் இறங்கியது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களையும் இழந்த ஏ320 ஏறக்குறைய 3,000 அடியில்தான் இருந்தது. மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்டது, 155 பேரும் பிழைத்தார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விமானத்துக்கு அந்த மூன்றரை நிமிடமும் வாய்க்கவில்லை. எழும்பிய சில நொடிகளில் இரு எரிபொருள் சுவிட்சுகளும் நிறுத்த நிலைக்கு மாறின என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறியது. சுவிட்சுகள் திரும்ப இயக்கப்பட்டாலும் எஞ்சின்கள் முழு வலுவோடு எழும்ப உயரம் போதவில்லை.

ஒற்றை எஞ்சினில் இறங்குவது வழக்கமான தரையிறக்கத்திலிருந்து அதிகம் வேறுபடாது. இரண்டு எஞ்சின்களின் ஜெனரேட்டர்களில் ஒன்று இருந்தாலே விமானத்துக்கு மின்சாரம் போதும். வாலில் உள்ள சிறிய துணை எஞ்சினையும் ஓடவிட்டுக்கொள்வார்கள். புறப்பட்டவுடனேயே திரும்ப நேர்ந்தால் எடை ஒரு சிக்கல். ஏ320 போன்ற விமானங்களில் எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி பொதுவாக இல்லை. எனவே வட்டமிட்டு எரித்துத் தீர்ப்பதா, கூடுதல் எடையோடு மெதுவாக இறக்கிவிட்டுப் பிறகு சோதிப்பதா என்று தலைமை விமானி முடிவு செய்வார். மதுரை–கொழும்பு போன்ற குறுகிய பயணத்தில் எரிபொருள் குறைவாகவே ஏற்றியிருப்பதால் அந்தச் சிக்கல் எழுவது அரிது. மேற்கிலிருந்து வரும் கடற்கரைக் கச்சான் காற்று குறுக்கே வீசினால் சுக்கான் வேலை கூடும், அவ்வளவுதான். கடைசிச் சில நூறு அடிகளில் உந்துவிசையைக் குறைக்கும்போது, அதுவரை அழுத்திப் பிடித்திருந்த காலையும் அதற்கேற்பத் தளர்த்த வேண்டும். மறந்தால் மூக்கு மறுபக்கம் ஓடும்.

சக்கரம் தரை தொட்டு நின்றதும் பயணிகள் உடனே இறங்க வேண்டும் என்பதில்லை. விமானம் ஓடுபாதையிலேயே நிற்க, தீயணைப்பு வீரர்கள் எஞ்சினையும் சூடேறிய பிரேக்குகளையும் சுற்றிப் பார்த்து, புகையோ கசிவோ இல்லை என்று விமானிகளிடம் சொல்வார்கள். அவசர வழுக்குப் பாதைகளில் இறங்கும்போது கை கால் முறிவது சாதாரணமாக நடப்பதால், தீ இல்லாத நிலையில் அவற்றைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. தீ இருந்து திறக்கச் சொன்னால், மேலே வைத்த பையை விட்டுவிட்டு இறங்குங்கள். அதன் பிறகு விமானத்தை இழுவை வண்டி கொண்டு நிறுத்துமிடத்துக்கு இழுத்துச் செல்வார்கள். பொறியாளர்கள் நெளிவான கேமரா குழாயை எஞ்சினுக்குள் செலுத்தித் தகடு தகடாகப் பார்ப்பார்கள், விமானிகள் பழுதுப் பதிவேட்டில் நடந்ததை நேர வரிசையில் எழுதிக் கையெழுத்திடுவார்கள், தரவுப் பதிவுக் கருவியின் நகல் விசாரணைக்குப் போகும். பயணிகளை ஏற்றிக்கொள்ள வேறொரு விமானம் வரும்.